குளிருக்குள் அலையும் எண்ணெய்

நாமக்கல் மாவட்டத்து வெண்ணந்தூரில் தறி ஓட்டுகிறவர்களுக்கு எண்ணெயின் குணம் நன்றாகத் தெரியும். தறியைப் போடுவதற்கு முன் எண்ணெய்க் குப்பியை எடுத்து, உரசுகிற இடங்களில் சில சொட்டுகள் விடுவார்கள். விட்ட இடத்திலேயே அது இருக்கும், தேய்மானத்தைத் தாங்கும், பஞ்சுத் தூசியோடு சேர்ந்து கறுத்துக் கீழே வழியும். பிறகு மறுபடி விட வேண்டியதுதான். போன எண்ணெய் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. தரையில் கறையாகக் கிடக்கும்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் காலையும் மாலையும் கறக்கிற பாலைக் குளிர்விக்கும் பெரிய பண்ணைகளில் இன்னோர் இயந்திரம் ஓடுகிறது. அதற்கும் எண்ணெய் இல்லாமல் ஆகாது. ஆனால் அங்கே எண்ணெய் ஊற்றிய இடத்தில் நிற்பதில்லை. நாலாபுறமும் அடைத்த இயந்திரம் அது. வெளியே ஒரு சொட்டும் சிந்தாது. இருந்தும் கண்ணாடிச் சாளரத்தில் எண்ணெய் மட்டம் நாளுக்கு நாள் இறங்கும். ஆபரேட்டர் மேலும் ஊற்றுவார். மறுபடி இறங்கும். ஊற்றியதெல்லாம் உள்ளேயே எங்கோ இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பவரே நல்ல ஆபரேட்டர்.

கறந்த பால் மாட்டின் உடல் சூட்டில், ஏறக்குறைய 38 டிகிரியில் இருக்கிறது. நுண்ணுயிர்களுக்கு அதைவிட உகந்த இடம் இல்லை. அந்தச் சூட்டில் சில வகைகள் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 4 டிகிரிக்கு இறக்கிவிட்டால் அந்த வேகம் அடங்கிவிடும். கோடையில் வெளியே 40 டிகிரியை நெருங்கும் சேலம், நாமக்கல் சமவெளியில் பாலை 4 டிகிரியில் வைத்திருப்பது, மேட்டை நோக்கித் தண்ணீர் இறைப்பது போன்ற வேலை. வெப்பம் தானாகக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குப் போகாது; அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்ட வேண்டும். சில்லர் என்ற அந்தக் குளிர்விக்கும் இயந்திரம் செய்வது அதைத்தான்.

அதன் உள்ளே எளிதில் கொதிக்கும் ஒரு பொருள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அம்மோனியா சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவாப்பரேட்டர் என்ற பகுதியில் அது குறைந்த அழுத்தத்தில் கொதிக்கிறது. கொதிக்கத் தேவையான வெப்பத்தை, பாலைக் குளிர்விக்கும் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் 1 டிகிரிக்கு இறங்குகிறது. ஆவியான அம்மோனியாவை கம்ப்ரசர் உறிஞ்சி அழுத்தி கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே அது வெப்பத்தை வெளியே விட்டுவிட்டுத் திரவமாகித் திரும்புகிறது.

இந்த இயந்திரங்களின் திறனை இன்றும் டன்னில்தான் சொல்கிறார்கள். ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன், சுமார் 3.5 கிலோவாட். குளிர் என்றால் பனிக்கட்டி என்றிருந்த காலத்தின் அளவு இது. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிப்பாளங்கள் கப்பலேறி சென்னைக்கு வந்தன. அவற்றைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக மெரினாவில் நிற்கிறது. பனிக்கட்டியை இயந்திரமே செய்யும் காலம் வந்ததும் அந்த வணிகம் மறைந்தது. வீட்டு ஏசி ஒன்று, ஒன்றரை டன். பெரிய சில்லர்கள் நூறு டன்னில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும்.

கம்ப்ரசருக்குத் திரும்புவோம். பழைய பிஸ்டன் வகையில் எண்ணெய் பேரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் காக்கிறது. ஸ்க்ரூ வகையில் எண்ணெயின் வேலை இன்னும் பெரிது. முறுக்கிய பற்கள் கொண்ட இரண்டு உருளைகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்று சுழல்கின்றன. இரண்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான். ஆனாலும் அழுத்திய வாயு அதன் வழியே பின்னால் நழுவிவிடும். அந்த இடைவெளியை எண்ணெய்ப் படலம்தான் அடைக்கிறது. அழுத்தும்போது பிறக்கும் சூட்டையும் எண்ணெயே வாங்கிக்கொள்கிறது. அதனால் ஸ்க்ரூ கம்ப்ரசருக்குள் எண்ணெயைச் சொட்டாக விடுவதில்லை, தாரையாகப் பாய்ச்சுகிறார்கள். உள்ளே வாயுவோடு எண்ணெயும் மூடுபனிபோல் கலந்தே அழுத்தப்படுகிறது.

வெளியேறும் வழியில் ஆயில் செப்பரேட்டர் என்ற கலம் இருக்கும். வாயு அதற்குள் திசை மாறி, வேகம் குறைந்து, வலைகளின் ஊடே போகும்போது எண்ணெய்த் துளிகள் ஒட்டி ஒன்றுசேர்ந்து கீழே விழுந்து கம்ப்ரசருக்குத் திரும்புகின்றன. பெரும்பகுதி இப்படி மாட்டிக்கொள்ளும். எல்லாம் மாட்டாது. மிக நுண்ணிய துளிகளும், சூட்டில் ஆவியான எண்ணெயும் வாயுவோடு சேர்ந்து ஊரைச் சுற்றக் கிளம்பிவிடும். மணிக்கு மணி மிகச் சிறிய அளவுதான். ஆனால் இயந்திரம் இரவும் பகலும் மாதக்கணக்கில் ஓடுகிறது.

கிளம்பிப்போன எண்ணெய் என்ன ஆகும் என்பது, உள்ளே ஓடுவது எந்த கேஸ் என்பதைப் பொறுத்தது. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைப்பது இந்த இடம். சாதாரணக் கனிம எண்ணெய் ஒரு லிட்டர் 900 கிராம் சுமாருக்கு இருக்கும். திரவ அம்மோனியா அதைவிட லேசானது: 0 டிகிரியில் லிட்டருக்கு 640 கிராம்தான். இரண்டும் கலக்கவும் கலக்காது. ஆகவே அம்மோனியா பிளாண்டில் எண்ணெய் கல்லைப்போல் அடியில் போய் அமர்ந்துவிடும். மருத்துவமனைகளிலும் வணிக வளாகங்களிலும் ஓடும் சில்லர்களில் உள்ள ஆர்-134ஏ கேஸோ, திரவமாக இருக்கும்போது லிட்டருக்கு 1,290 கிராம் வரும், தண்ணீரைவிடக் கனம். அதற்கேற்ற எண்ணெய் அதில் கரைந்து கலந்தே அலையும். ஓரிடத்தில் மூழ்குகிறது, இன்னோரிடத்தில் கரைந்துபோகிறது. எண்ணெயைத் தேட வேண்டிய இடமும் எடுக்கும் முறையும் அதனால் அடியோடு மாறிவிடுகின்றன.

அம்மோனியா பிளாண்டில் எண்ணெய் கடைசியில் வந்து படிவது மிகக் குளிர்ந்த, மிகத் தாழ்வான இடத்தில். ஐஸ் பேங்க் தொட்டிகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தண்ணீருக்குள் மூழ்கிய குழாய்களின் மேல் இரவெல்லாம் பனி கட்டிக்கொண்டே வரும். பகலில் பால் வரும்போது அந்தப் பனி உருகித் தண்ணீரைக் குளிராக வைத்திருக்கும். அடிக் குழாயில் மட்டும் பனி சரியாகப் பிடிக்கவில்லை என்றால், அதற்குள் எண்ணெய் தங்கியிருக்கிறது என்று அனுபவசாலிகள் சந்தேகப்படுவார்கள். எண்ணெய் கொதிப்பதில்லை, வெப்பத்தை உறிஞ்சுவதுமில்லை. குழாயின் உள்சுவரில் போர்வையாகப் படிந்து, கொதிக்க வேண்டிய அம்மோனியாவையும் தடுக்கிறது.

எண்ணெய் சேர்வதற்கென்றே கலத்தின் அடியில் செங்குத்தாக ஒரு குழாய் விட்டிருப்பார்கள். அதன் மேல் படியும் வெண்பனியை வைத்தே உள்ளே எண்ணெய் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். அம்மோனியா கொதிக்கும் உயரத்தில் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும். எண்ணெய் நிற்கும் உயரத்தில் பனி இருக்காது, இரும்பு வெறுமனே தெரியும். பனி முடிகிற கோடு எண்ணெயின் மட்டம். மின்சாரமோ கருவியோ இல்லாமல், இயற்பியல் தானே எழுதிக் காட்டும் அளவுகோல் அது. அந்தக் கோடு மேலேறுவதை அன்றாடம் கவனிக்கிற ஆபரேட்டரை நான் மிக மதிக்கிறேன்.

ஆகையால் அம்மோனியா பிளாண்டில் எண்ணெய் மாற்றுவது என்பது பெரும்பாலும் இரண்டு வேலை. கம்ப்ரசரில் குறைந்ததை ஊற்றுவது. அடியில் படிந்ததை வடிப்பது. ஊற்றியது எவ்வளவு, வடித்தது எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிவந்தால் இரண்டும் காலப்போக்கில் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஊற்றியது கூடிக்கொண்டே போய், வடித்தது குறைவாக இருந்தால் மீதி குழாய்களில் கிடக்கிறது. மின்கட்டணத்தில் அது தெரியும். வடித்த எண்ணெயைத் திரும்ப ஊற்றுவது தவறு. பிஸ்டன் கம்ப்ரசரில் அம்மோனியா நூறு டிகிரியைத் தாண்டிய சூட்டில் வெளியேறுகிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் உடைந்து கறுக்கிறது, பிசின் பிடிக்கிறது.

மற்ற கேஸ்களின் கதைக்கு வருவோம். அது தொடங்குவது சேலத்திலிருந்து வெகு தொலைவில். 1985-இல் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், அண்டார்க்டிகாவின் மேல் வானத்தில் வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைவதை அறிவித்தார்கள். குளிர்பதன இயந்திரங்களில் இருந்த ஆர்-12 போன்ற கேஸ்களின் குளோரின் அதற்குக் காரணம். 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஆர்-12 போய், குளோரின் இல்லாத ஆர்-134ஏ வந்தது.

கேஸை மாற்றினால் போதும் என்று இருக்க முடியவில்லை. அதுவரை நன்றாக வேலை செய்த கனிம எண்ணெய் புதிய கேஸில் கரைய மறுத்தது. கரையாத எண்ணெய் எவாப்பரேட்டரில் தங்கிவிடும், கம்ப்ரசர் எண்ணெயில்லாமல் தேயும். இன்னொரு இழப்பும் இருந்தது. பழைய கேஸ்களின் குளோரின் உரசும் எஃகுப் பரப்பில் மெல்லிய குளோரைடு படலத்தை உண்டாக்கித் தேய்மானத்தைக் குறைத்துவந்தது. வானத்தில் கேடு செய்த அதே குளோரின், இயந்திரத்துக்குள் எண்ணெய்க்குத் துணையாக நின்றிருக்கிறது. அதுவும் போய்விட்டது. ஜெட் விமான எஞ்சின்களில் ஏற்கெனவே பயன்பட்டுவந்த வகையான பாலியால் எஸ்டர் எண்ணெயைக் குளிர்பதனத்துக்குக் கொண்டுவந்தார்கள். துறையில் அதன் பெயர் பிஓஇ. தென் துருவ வானத்தில் கண்ட ஒரு குறை, நம்மூர் மெக்கானிக் கையில் இருக்கும் எண்ணெய்க் கேனையே மாற்றிவிட்டது.

பிஓஇ எண்ணெய் செய்யும் விதம் எளிது. ஒரு கொழுப்பமிலத்தையும் ஒரு வகை ஆல்கஹாலையும் சேர்த்து வினைபுரியவைத்தால் எஸ்டர் கிடைக்கும். கூடவே தண்ணீர் வெளியேறும். அந்தத் தண்ணீரை நீக்கினால் எண்ணெய் தயார். ஆபத்து அங்கேயே இருக்கிறது. அந்த வினை திரும்பியும் நடக்கக்கூடியது. எண்ணெய்க்குள் மறுபடி தண்ணீர் போய், சூடும் சேர்ந்தால், எண்ணெய் தான் பிறந்த அமிலமாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிய ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு பிஓஇ காற்றிலிருந்தே ஈரத்தை ஆவலாக உறிஞ்சும். கனிம எண்ணெயைவிடப் பல மடங்கு. அதனால்தான் அதை உலோகக் கேன்களில் விற்கிறார்கள். பிளாஸ்டிக் சுவரை ஊடுருவியே ஈரம் உள்ளே போய்விடும். பாதி கேனை மூடிவைத்து அடுத்த மாதம் ஊற்றுவது, மழைக்காலத்தில் மூடியைத் திறந்துவைத்துவிட்டு டீக்குப் போவது இரண்டும் சில்லருக்குள் அமிலத்தை ஊற்றுவதற்குச் சமம்.

அந்த அமிலம் செய்யும் வேலை விசித்திரமானது. குழாய்களில் உள்ள செம்பைக் கரைத்து எண்ணெயோடு எடுத்துக்கொண்டு போகும். கம்ப்ரசரின் சூடான எஃகுப் பரப்புகளில் அந்தச் செம்பு வந்து படியும். கம்ப்ரசரைப் பிரித்தால் இரும்பாக இருக்க வேண்டிய பேரிங் செம்பு நிறத்தில் பளபளக்கும். யாரும் முலாம் பூசவில்லை, எண்ணெயே பூசியது. மயிரிழை இடைவெளியில் சுழலும் பாகத்தில் அந்தப் படலம் தடிக்கத் தடிக்க, ஒரு நாள் இடைவெளியே இல்லாமல் போகும்.

எண்ணெயை எப்போது மாற்றுவது? நாள்காட்டியைப் பார்த்து மட்டும் மாற்றுவது எனக்கு ஏற்புடையதல்ல. நல்ல எண்ணெயை வீணாகக் கொட்டுகிறோம். மாற்றும் ஒவ்வொரு முறையும் காற்றும் ஈரமும் உள்ளே நுழைய வாய்ப்புத் தருகிறோம். முதலில் எண்ணெயைக் கேட்க வேண்டும். இயந்திரம் ஓடிச் சூடாக இருக்கும்போது கொஞ்சம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் பிசுபிசுப்பு, ஈரம், அமிலம், கரைந்த உலோகங்கள் எல்லாவற்றையும் அளந்து சொல்வார்கள். இரும்பு கூடியிருந்தால் உருளையோ பேரிங்கோ தேய்கிறது. செம்பு கூடியிருந்தால் அமிலம் வேலையைத் தொடங்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒன்றாக அந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், மூடிய இரும்புக்குள் என்ன நடக்கிறது என்று திறக்காமலே தெரியும்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், முதலில் கேஸை வேறு பகுதிக்கோ சிலிண்டருக்கோ இழுத்துக்கொள்ள வேண்டும். வானத்தில் விட்டுவிடக் கூடாது. பிறகு எண்ணெயை வடித்து அளக்க வேண்டும். இந்த அளவைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். 60 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 45 லிட்டர் வந்தால், மீதி 15 லிட்டர் எவாப்பரேட்டரில் கலந்திருக்கிறது. அது தெரியாமல் 60 லிட்டர் புதிதாக ஊற்றினால், சுற்றில் எண்ணெய் மிகுந்து குளிர்த்திறன் குறையும். ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பிரித்துப் பார்க்க வேண்டும்; மடிப்புகளில் மின்னும் துகள்கள் ஆய்வறிக்கைக்கு முன்பே செய்தி சொல்லிவிடும். பின்பு வேக்கம் இழுக்கிறார்கள். 760 மில்லிமீட்டர் பாதரச அளவுள்ள காற்றழுத்தத்தை அரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால், உள்ளே தங்கிய தண்ணீர் நம்மூர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். எண்ணெய்க்குள் ஒட்டிக்கொண்ட ஈரம் மட்டும் அவ்வளவு எளிதில் வராது. அதனால்தான் கேன் விஷயத்தில் அத்தனை கண்டிப்பு.

கேனின் மேல் உள்ள எழுத்தைப் படிப்பதும் முக்கியம். பிஓஇ எண்ணெயை அம்மோனியா பிளாண்டில் ஊற்றினால் இரண்டும் வினைபுரிந்து குழம்பாகும். ஒரே மெக்கானிக் காலையில் பால் பண்ணைக்கும் மாலையில் மருத்துவமனைக்கும் போகிற ஊர்களில் இது நடக்கக்கூடிய தவறுதான். வடித்த பழைய எண்ணெய் 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி அபாயக் கழிவு. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் கொடுக்க வேண்டும், வாய்க்காலில் ஊற்றக் கூடாது.

நின்றிருக்கும் சில்லருக்கும் எண்ணெய்க் கவலை உண்டு. இயந்திரம் நின்றதும் கேஸ் மெல்ல வந்து எண்ணெயில் கரைய ஆரம்பிக்கும். அதைத் தடுக்க எண்ணெய்த் தொட்டியில் ஒரு ஹீட்டர் இருக்கும். பெரிய சில்லர்களில் எண்ணெயை 50, 60 டிகிரிச் சூட்டில் வைத்திருக்கும். குளிர்விக்கும் இயந்திரம் ஓய்வில் தன் எண்ணெயைச் சூடாக வைத்துக்கொள்கிறது. மின்சாரம் மிச்சம் என்று ஹீட்டரையும் சேர்த்து மெயினை அணைத்துவிட்டால், மறுநாள் ஓட்டும்போது அழுத்தம் சட்டென இறங்க, கரைந்திருந்த கேஸ் பொங்கியெழும். எண்ணெய் முழுதும் நுரையாகும். பம்ப் எண்ணெய்க்குப் பதில் நுரையை இழுக்கும். பேரிங் சில நொடிகளில் காயும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு ஹீட்டரைப் பல மணி நேரம் ஓடவிட்டே கம்ப்ரசரைப் போட வேண்டும் என்பது இதனால்தான்.

எண்ணெயே இல்லாத சில்லர்களும் வந்துவிட்டன. 1990-களில் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய டர்போகார் என்ற முயற்சியில், சுழலும் தண்டு காந்தப்புலத்தில் மிதக்கிறது. எதையும் தொடாமல் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழல்கிறது. திடீரென மின்சாரம் போனால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, தண்டு சுழன்று ஓயும்வரை காந்தங்களுக்கு மின்சாரம் தருகிறது. அழகான பொறியியல். விலையும் அதற்கேற்ப. ஆனால் பால் பண்ணைகளிலும் குளிர்பதனக் கிடங்குகளிலும் ஐஸ் தொழிற்சாலைகளிலும் உள்ள அம்மோனியா பிளாண்டுகளில் எண்ணெய் இன்னும் வெகுகாலம் இருக்கும்.

அதனால் அம்மோனியா எண்ணெயை வடிக்கும் வேலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அடியில் தங்கிய எண்ணெய் குளிரில் கெட்டித்து நிற்கும். ஆபரேட்டர் வால்வைக் கொஞ்சம் திறப்பார், எதுவும் வராது. இன்னும் திறப்பார். திடீரென அடைப்பு விடுபட்டு எண்ணெய் பீறிடும். அதன் பின்னாலேயே திரவ அம்மோனியா. திறந்த வெளியில் அது 800 மடங்குக்கு மேல் விரிந்து வாயுவாகும். எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு வரைதான் அதைப் பொறுக்கலாம். 300 பங்கு உயிருக்கு உடனடி ஆபத்து. கண்ணும் நுரையீரலும் ஈரமானவை. அம்மோனியா ஈரத்தைத் தேடிப் போய் எரிக்கும். அந்த நிலையில் கண் திறந்து வால்வைத் தேடித் திரும்ப மூட யாராலும் முடியாது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். அது குளிர்பதன ஆலை அல்ல; ஆனால் அந்த வாயு என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடே அன்று பார்த்தது. உலகெங்கும் அம்மோனியா பிளாண்டுகளில் நடக்கும் விபத்துகளில் கணிசமானவை எண்ணெய் வடிக்கும்போதுதான் நேர்கின்றன.

இதற்குத் தீர்வு கண்டுபிடித்துப் பல காலமாகிறது. எண்ணெயை முதலில் தனிக் கலத்தில் பிரித்து, எவாப்பரேட்டர் பக்க வால்வை மூடி, அதிலுள்ள அம்மோனியாவை உறிஞ்சு குழாய் வழியே கொதித்துப் போகவிட்டு, கலம் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே வடிக்க வேண்டும். வடிகுழாயில் சாதாரண வால்வுக்கு அடுத்து, கையை விட்டால் ஸ்பிரிங் தானே மூடிவிடும் வால்வு ஒன்று இருக்க வேண்டும். பாய்ந்துவரும் அம்மோனியாவைக் கண்டு ஆள் ஓடினாலும், மயங்கி விழுந்தாலும் அது மூடிக்கொள்ளும். பிளாண்டின் மொத்தச் செலவில் அதன் விலை மிகச் சிறியது. அம்மோனியா பிளாண்ட் வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: இன்றே போய் உங்கள் வடிகுழாயைப் பாருங்கள், அந்த வால்வு இல்லையென்றால் பொருத்துங்கள். முகக்கவசமும் கையுறையும் தந்து, பக்கத்தில் தண்ணீர்க் குழாயை ஆயத்தமாக வைத்து, எண்ணெய் வடிக்க எப்போதும் இரண்டு பேரை அனுப்புங்கள். ஒருவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.